எண்ணிப் பார்த்துச் சொல்றேன்: வாசகர் கேள்வி பதில்

போன மாசப் பகுதியில ஒரு கம்ப்யூட்டர் கணக்கு முறையைப் பத்தி நான் போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "இந்த முறை வொர்ஸ்ட் கேஸ்ல (இருக்கிறதுலயே கெட்ட நிலையில) ரொம்ப மோசம், ஆனா சராசரியில நல்லாவே ஓடும்"னு, அதுக்கு விளக்கம் கேட்டு மொரீஷியஸ் முழுக்கவும் பக்கத்துத் தீவுல இருந்தும் கடிதமும் மெயிலும் வந்துட்டே இருக்கு, அதனால இந்த மாசம் மத்த எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். ரெகுலர் எக்ஸ்பிரஷனை மெஷினா மாத்துற பாடத்துல எங்க சார், மெஷின் மோசமான நிலையில 2-ஐ n தடவை பெருக்கின அளவுக்கு வீங்கிடும்னாரு (n-ங்கிறது முதல்ல இருந்த அளவு), அடுத்த நிமிஷமே உலகமே இதைத்தான் யூஸ் பண்ணுதுன்னாரு. ரெண்டும் எப்படி சேர்ந்து உண்மையா இருக்க முடியும்?
மாணவி, ரோஸ் ஹில்

உங்க சார் சொன்ன ரெண்டுமே சரிதான் தங்கச்சி. முதல்ல புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை, இங்க "மொழி"ன்னு சொல்றது தமிழ், க்ரியோல் மாதிரி பேச்சு மொழியை இல்ல, சில எழுத்துகளை வச்சுக்கிட்டு, ஒரு விதிக்கு உட்பட்ட சொல்லெல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குப் பேருதான் மொழி. அந்த விதியைச் சுருக்கமா எழுதுற ஒரு குறியீடுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஒரு சொல் அந்தக் கூட்டத்துல இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு சொல்ற சின்ன மெஷின்தான் ஆட்டோமேட்டன், அது தன் ஞாபகத்துல வச்சுக்கிற நிலைமைகளுக்கு ஸ்டேட்னு பேரு.

நீங்க கேட்ட வீக்கம் 1959-ல ரேபின், ஸ்காட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டின முறையில வர்றது, ஒரே எழுத்துக்குப் பல பாதை இருந்தா ஊகிச்சு ஊகிச்சுப் போற மெஷினை ஊகமே இல்லாம நேரா போற மெஷினா மாத்துறது. அ, ஆ ரெண்டே எழுத்துதான்னு வச்சுக்கோங்க, "கடைசியில இருந்து பத்தாவது எழுத்து அ-வா இருக்கணும்"னு ஒரு விதி போடுங்க. ஊகிக்கிற மெஷினுக்கு 11 ஸ்டேட் போதும். நேரா போற மெஷினுக்கு சொல் எங்க முடியும்னு முன்கூட்டியே தெரியாது, அதனால கடைசியா பார்த்த பத்து எழுத்தையும் ஞாபகம் வச்சே ஆகணும், அப்போ 1024 ஸ்டேட், அதுக்குக் கீழ குறைக்கவே முடியாது. இது உண்மையான வொர்ஸ்ட் கேஸ், கற்பனை இல்ல.

ஆனா வொர்ஸ்ட் கேஸ்ங்கிறது அந்த அளவுல இருக்கிற எல்லாத்துலயும் ரொம்ப மோசமான ஒண்ணே ஒண்ணோட கதை. சராசரின்னா அதே அளவுல இருக்கிற எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆகிற செலவைக் கூட்டி, எத்தனை பேர் நிக்கிறாங்களோ அத்தனையால வகுக்கிறது. ரெண்டும் எவ்வளவு தூரம் விலகும்னு பார்க்க, எண்களை வரிசையா அடுக்குற குவிக் ஸார்ட் முறையையே எடுத்துக்கோங்க, 1000 எண்ணை அடுக்க மோசமான நேரத்துல 4,99,500 தடவை ஒப்பிடணும், எல்லா வரிசையும் ஒரே வாய்ப்புள்ளதுன்னு வச்சு சராசரி எடுத்தா கிட்டத்தட்ட 11,000-தான் வரும். நாற்பத்தஞ்சு மடங்கு வித்தியாசம்.

கூட்டிட்டு வகுக்கணும்னு சொன்னேன்ல, வகுக்குறதுக்கு எத்தனை இருக்குன்னு தெரியணும், அங்கதான் எண்ணும் கணிதம், அதாவது காம்பினேட்டரிக்ஸ், உள்ள வருது. அடுத்த கேள்வியைப் படிங்க, அதுல எண்ணியே காட்டுறேன்.

வணக்கம்மா. நான் கோயில் தமிழ் வகுப்புல பிள்ளைங்களுக்கு யாப்பு சொல்லித் தர்றேன். மொழி, இலக்கணம், விதின்னு நீங்க எழுதுறதைப் படிக்கும்போதெல்லாம் நம்ம யாப்பு ஞாபகமாவே இருக்கு. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
தமிழ் ஆசிரியர், காத்ர் போர்ன்

ஐயா, உங்க கேள்வியைப் படிச்சு ரொம்ப சந்தோஷப்பட்டேன். இதே கேள்வி எனக்கும் இருந்துச்சு, போன சீசன்ல சைக்ளோன் வார்னிங் கிளாஸ் 3 போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த அன்னைக்கு கரெண்டும் இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரு பழைய நோட்டுல உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அதை அப்படியே சொல்றேன்.

வெண்பா ஒரு ரெகுலர் மொழி. அதாவது எதுகை மோனையையும் பொருளையும் ஒதுக்கி வச்சுட்டு சீரையும் தளையையும் மட்டும் பார்த்தா, ஒரு குட்டி ஆட்டோமேட்டன் வெண்பாத் தளையை சரிபார்த்துடும். உங்களுக்குத் தெரியாதது இல்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன், நேர், நிரைன்னு அசை ரெண்டு. ஈரசைச் சீர் நாலு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். வெண்பாவுல வர்ற மூவசைச் சீர் காய்ச்சீர் நாலு: தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். கனிச்சீர் வரக்கூடாது. ஆக நம்ம எழுத்துக் கூட்டம் எட்டு சீர். விதி மூணு: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்.

இப்போ மெஷினுக்கு என்ன ஞாபகம் வேணும்? அடுத்த சீர் நேர்ல ஆரம்பிக்கணுமா நிரையில ஆரம்பிக்கணுமா, அவ்வளவுதான். தொடக்கம் ஒரு ஸ்டேட், "நேர் வேணும்" ஒண்ணு, "நிரை வேணும்" ஒண்ணு, "முடிஞ்சது" ஒண்ணு, நாலே ஸ்டேட். பிள்ளைங்க போர்டுல நாலு வட்டம் போட்டு அம்புக்குறி வரைஞ்சு ஒரு குறளை அதுல நடத்திக் கூட்டிட்டுப் போகலாம், முதல் குறள் புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, பிறப்புன்னு ஒரு இடத்துலயும் இடறாம கடைசி வட்டத்துக்குப் போய்ச் சேரும்.

இனி எண்ணலாம். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். முதல் சீர் எட்டுல எதுவும் வரலாம். அடுத்த சீர்? நேர்ல ஆரம்பிக்கிற சீர் நாலு, நிரையில ஆரம்பிக்கிறது நாலு, முன்னாடி எந்தச் சீர் வந்திருந்தாலும் அடுத்ததுக்கு சரியா நாலு வழிதான் இருக்கு, எனக்கு இந்த இடத்துல மெய்சிலிர்த்துப் போச்சு, இவ்வளவு சமமா அமைச்சிருக்காங்களேன்னு. அப்போ ஆறு சீருக்கு 8 பெருக்கல் நாலை அஞ்சு தடவை, அதாவது 8 × 1024 = 8192. ஏழாவது சீர் நாள், மலர், காசு, பிறப்பு நாலுல ஒண்ணு, அதுல முன்னாடி மா வந்தா நிரையில தொடங்குற மலர், பிறப்பு ரெண்டும், இல்லேன்னா நாள், காசு ரெண்டும் பொருந்தும், எப்படிப் பார்த்தாலும் ரெண்டு வழி. மொத்தம் 16,384 வாய்பாடு, அதாவது சீர் வரிசை. தளையே பார்க்காம இஷ்டத்துக்கு அடுக்கினா 10,48,576 வரும். ஒவ்வொரு தளையும் இருக்கிறதைச் சரிபாதியா வெட்டுது, ஏழு சீருக்கு நடுவுல ஆறு தளை, ஆறு தடவை பாதியாக்கினா அறுபத்து நாலுல ஒரு பங்கு, கணக்கு கச்சிதமா ஒத்துப் போகுது பாருங்க.

குறள் மொத்தம் 1330. எல்லாமே வேற வேற வாய்பாடுன்னே வச்சாலும் 15,054 வாய்பாடு யாரும் தொடாம அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. பிள்ளைங்க கிட்ட இதைச் சொல்லுங்க ஐயா, புதுக் குறள் எழுத இடமில்லன்னு யாரும் நினைக்க வேணாம்.

சராசரியும் இப்போ சுலபமா வரும். எந்த ஸ்டேட்ல இருந்தாலும் இருக்கிற நாலு சீர்ல ரெண்டு ஈரசை, ரெண்டு மூவசை, அதனால சராசரியா ஒரு சீருக்கு ரெண்டரை அசை. கடைசிச் சீரை விட்டுட்டுப் பார்த்தா ஒரு குறள்ல மிஞ்சிப் போனா 18 அசை, குறைஞ்சது 12, சராசரி 15.

நான் வேலையில இருந்து ரிட்டயர் ஆன ஆளு. சராசரின்னு சொல்றதே ஏமாத்து வேலைதானே? நாட்டோட சராசரி வருமானம்னு பேப்பர்ல போடுறான், எங்க தெருவுல அப்படி யாரையும் நான் பார்த்ததில்ல.
வாசகர், போர்ட் லூயி

ஐயா, உங்க சந்தேகம் நியாயமானது, இந்தத் துறையில இருக்கிறவங்களே இதே சந்தேகத்தோடதான் வேலை பாக்குறாங்க. யாராவது "சராசரியா இவ்வளவு"ன்னு சொன்னா, எந்தக் கூட்டத்தோட சராசரின்னு திருப்பிக் கேட்கணும், அது தெரியாத வரைக்கும் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இந்த மாசம் நான் சொல்ல நினைக்கிறதே இதுதான்.

மேல சொன்ன வெண்பாவையே பாருங்க. சீர் எண்ணிக்கையை நிலையா வச்சுக்கிட்டு எல்லாத்தையும் எண்ணினா காய்ச்சீர் சரியா பாதி, 50 சதவீதம். அதே விதி, அதே எட்டு சீர், ஆனா இப்போ அசை எண்ணிக்கையை நிலையா வச்சுக்கோங்க. 12 அசை வர்ற சீர் வரிசை மொத்தம் 800 (கடைசிச் சீரையும் சாதாரண சீராவே எடுத்துக்கிட்டேன்). அந்த 800-லயும் இருக்கிற சீரெல்லாம் கூட்டினா 4096, அதுல காய்ச்சீர் 1408, அதாவது 34 சதவீதம் சொச்சம்தான். அசையைக் கூட்டிக்கிட்டே போனா 36 சதவீதத்துல வந்து நிலைச்சு நிக்கும், பாதிக்குப் போகவே போகாது. ஏன்னா அசை அளவு நிலையா இருக்கும்போது, குட்டி சீரா போட்டா அதே இடத்துல அதிக சீர் அடங்கும், அதிக சீர்னா அதிக வழி, அதனால அந்தக் கூட்டத்துல ஈரசைக்காரங்க ஆட்கள் அதிகம். ரெண்டு பதிலுமே சரி, கேள்வி வேற வேற.

சரி, சராசரியை நம்பி எப்போ இருக்கலாம், எப்போ இருக்கக் கூடாதுன்னும் சொல்லிடுறேன். ஒரு பெரிய எழுத்து வரிசைக்குள்ள ஒரு சொல்லைத் தேடுறோம், ஒண்ணும் யோசிக்காம ஒவ்வொரு இடத்துலயும் வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிற முறை, 26 எழுத்தும் சம வாய்ப்புல வர்ற வரிசைன்னா ஒரு இடத்துக்கு சராசரியா 1.04 ஒப்பீடு மட்டுமே ஆகும், ஏன்னா முதல் எழுத்துலயே பெரும்பாலும் பொருந்தாம போயிடும். மரபணு மாதிரி நாலு எழுத்து மட்டும்னாலும் 1.33 தாண்டாது. ரொம்ப நிம்மதியான கணக்கு. ஆனா எதிர்ல ஒருத்தர் வேணும்னே மோசமான வரிசையைக் கொடுக்கிறாருன்னா, அல்லது நம்ம விதியே மோசமான பக்கம் சாய்ஞ்சிருக்குன்னா, சராசரி காப்பாத்தாது. 2019 ஜூலை 2-ஆம் தேதி பல வெப்சைட்டுக்குப் பாதுகாப்பு தர்ற கிளவுட்ஃப்ளேர் கம்பெனியில புதுசா சேர்த்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் அவங்க சர்வர் எல்லாத்தோட சிபியுவையும் முழுசா தின்னுடுச்சு, 27 நிமிஷம் உலகத்துல ஏகப்பட்ட வெப்சைட் திறக்கல, நடந்ததை அவங்களே விவரமா எழுதி வெளியிட்டாங்க. பொருந்துற வழியைத் தேடி முன்னாடி போய் பின்னாடி வந்து, திரும்பத் திரும்ப அதே இடத்தை மிதிச்ச கதை அது.

அக்கா, எண்ணுறது கூட்டல் பெருக்கல் வேலை. அதுல எதுக்கு கால்குலஸும் காம்ப்ளெக்ஸ் எண்ணும் வருது? எங்க மிஸ் ஒரு நாள் சொன்னாங்க, அப்புறம் மணி அடிச்சிடுச்சு.
மாணவன், சேன் அந்த்ரே, ரீயூனியன்

தம்பி, அந்த மணி கொஞ்சம் லேட்டா அடிச்சிருக்கலாம். நான் முயற்சி பண்றேன்.

நம்ம வெண்பாச் சீர் வரிசையை அசை வாரியா எண்ணினா 12 அசைக்கு 800, 13-க்கு 1408, 14-க்கு 2496. ஒவ்வொரு எண்ணும் ரெண்டு படி முன்னாடி இருக்கிறதையும் மூணு படி முன்னாடி இருக்கிறதையும் கூட்டி ரெட்டிப்பாக்கினது, ஏன்னா கடைசிச் சீர் ஈரசையா இருக்கும் இல்ல மூவசையா இருக்கும். இந்த எண்ணெல்லாத்தையும் ஒரு மாலையாக் கோக்கணும், ஸ-ங்கிற ஒரு மாறியை நூலா வச்சுக்கிட்டு, 12 அசைக்கான எண்ணை ஸ-வோட பன்னிரண்டாவது அடுக்கோட கட்டுறோம், அப்படியே எல்லாத்தையும். இந்த மாலைக்குப் பேருதான் ஜெனரேட்டிங் ஃபங்ஷன். இதுல அழகு என்னன்னா மொழியோட விதியைப் பார்த்தே இதை நேரா எழுதிடலாம், "அல்லது"ன்னு வர்ற இடத்துல கூட்டல், "அடுத்து"ன்னு வர்ற இடத்துல பெருக்கல், "எத்தனை தடவை வேணும்னாலும்"னு வந்தா 1-ல இருந்து அதைக் கழிச்சு, வந்ததால 1-ஐ வகுக்கணும். நம்ம மாலைக்குக் கீழ் பகுதி 1-ல இருந்து ரெண்டு ஸ-வர்க்கமும் ரெண்டு ஸ-கனமும் கழிச்சது.

கீழ் பகுதி எப்போ பூஜ்யமாகும்? ஸ கிட்டத்தட்ட 0.565 ஆகும்போது. அந்த இடத்துல மாலை அறுந்துடும், வகுக்க முடியாது, சிங்குலாரிட்டின்னு சொல்லுவாங்க. அந்த ஒரே புள்ளி எல்லாத்தையும் சொல்லிடும்: 1-ஐ 0.565-ஆல வகுத்தா 1.769, ஒவ்வொரு அசை கூடும்போதும் எண்ணிக்கை அத்தனை மடங்கு வளருது. 1408-ஐ 800-ஆல வகுத்துப் பாரு, 1.76. 2496-ஐ 1408-ஆல வகுத்துப் பாரு, 1.77. மேல ஐயாவுக்குச் சொன்ன 36 சதவீதமும் அதே 0.565-ல இருந்து வந்ததுதான், அதோட கனத்தை ரெட்டிப்பாக்கினா 0.361. கோடிக்கணக்கான சொல்லை எண்ண வேண்டிய வேலையை, ஒரு வளைகோடு எந்த இடத்துல உடையுதுன்னு பார்த்துச் சொல்லிட முடியுது, அதுக்குத்தான் கால்குலஸும் காம்ப்ளெக்ஸ் எண்ணும் வேணும். இந்த வழியை ஒரு முழுத் துறையா வளர்த்தவர் பிரான்ஸ்காரர் ஃபிலிப் ஃப்ளஜோலே, 2011-ல காலமானார், நீ பிரெஞ்சுல படிக்கிறவன், அவரோட கட்டுரைகளை அவர் எழுதின மொழியிலயே சிலது படிக்கலாம்.

உடையுற விதமும் முக்கியம். அடைப்புக்குறி சரியா திறந்து மூடுற வரிசைகளை எண்ணினா 1, 2, 5, 14, 42, 132னு கட்டலான் எண் வரும், அதோட மாலை கால்-ங்கிற இடத்துல வர்க்கமூலம் மாதிரி உடையுது, அதனால நாலு மடங்கு நாலு மடங்கா வளர்ந்தாலும் கூடவே ஒரு தேய்மானம் ஒட்டிக்கிட்டு வரும். கோயில் சமையக்கட்டுல கழுவின தட்டை மேல மேல அடுக்குறோம், வேணும்போது மேல இருந்து எடுக்கிறோம், காலியா ஆரம்பிச்சு காலியா முடியுது, 1000 தட்டு இப்படி வந்து போனா அடுக்கு எவ்வளவு உயரம் போகும்? மோசமான நேரத்துல 1000. எல்லா வரிசையும் சம வாய்ப்புன்னா சராசரி 55-ஐ ஒட்டித்தான், பை-யை (3.14 சொச்சம்) ஆயிரத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா கிட்டத்தட்ட வரும், 1972-ல டி ப்ரூயின், நூத், ரைஸ் மூணு பேரும் 'மரம்'னு சொல்ற கிளைப் படங்களோட உயரத்துக்குக் கண்டுபிடிச்ச கணக்கு இது. தட்டு 10,000 ஆனாலும் அடுக்கு 176 கிட்டதான் போகும். இலக்கணப்படி வாக்கியத்தைப் பிரிக்கிற ப்ரோகிராமுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு இது பொன்னான தகவல்.

நேர் நிரை நேர் நேர் நேர்னு அஞ்சு அசை வந்தா அதை ரெண்டு விதமா சீர் பிரிக்கலாமே. அப்போ ரெண்டு தடவை எண்ணிட மாட்டோமா?
11-ஆம் வகுப்பு, க்யூர்பீப்

நல்ல கண்ணு உனக்கு! ஆமா, கூவிளம் தேமாங்காய்னும் பிரிக்கலாம், கூவிளங்காய் தேமான்னும் பிரிக்கலாம், ரெண்டுலயும் தளை தட்டாது. நான் மேல எண்ணினது சீர் பிரிச்ச வரிசையை, சீருக்கு நடுவுல இருக்கிற இடைவெளியையும் ஒரு எழுத்தாக் கணக்குல வச்சுக்கிட்டேன், அதனால அந்த ரெண்டும் ரெண்டாவே நிக்குது, தப்பு இல்ல. இடைவெளியை அழிச்சுட்டு வெறும் அசை வரிசையை எண்ணணும்னா நீ சொன்ன மாதிரி ரெட்டை எண்ணிக்கை வந்துடும், வேற விதமா மெஷின் கட்டணும், நேரா போற மெஷின் கட்டினா ஒரு சொல்லுக்கு ஒரே பாதைதான், அப்போ பிரச்சனை தீர்ந்துடும்.

ரெகுலர் மொழிக்கு எப்பவும் இப்படித் தப்பிக்கலாம். அடைப்புக்குறி மாதிரி உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள போற இலக்கணங்கள்ல சில மொழிகளுக்குத் தப்பவே முடியாது, எந்த இலக்கணம் எழுதினாலும் ஏதோ ஒரு சொல்லுக்கு ரெண்டு பிரிப்பு வந்தே தீரும். அப்படி ஒரு மொழின்னு எப்படி நிரூபிக்கிறது? 1963-ல சோம்ஸ்கியும் ஷூட்சன்பர்ஜேயும் காட்டினாங்க, குழப்பமில்லாத இலக்கணம் இருந்தா அதோட மாலை ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டே ஆகணும்னு. 1987-ல ஃப்ளஜோலே அதைத் திருப்பிப் போட்டார், மாலையை எண்ணிப் பார்க்கிறேன், அது எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் அடங்கலையா, அப்போ அந்த மொழிக்குக் குழப்பமில்லாத இலக்கணமே கிடையாது. எண்ணியே இலக்கணத்தோட குணத்தைச் சொல்லிட்டார். நீ கேட்ட கேள்வி நேரா அங்கதான் கொண்டு போகுது.

மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனை மெஷினா மாத்துற முறைகளை ஒப்பிடுறேன். க்ளுஷ்கோவ் முறையா, பார்ஷியல் டெரிவேட்டிவ் முறையா? சராசரி முடிவுகளை நம்பலாமா?
ஆராய்ச்சி மாணவர், மோக்கா

இது இந்த மாசக் கேள்வியிலயே கனமானது, அதனால நேரடியாப் போயிடுறேன். க்ளுஷ்கோவ் 1961-ல சொன்ன முறையில, எக்ஸ்பிரஷன்ல எழுத்து எத்தனை இடத்துல வருதோ அதை விட ஒண்ணு கூட, அவ்வளவு ஸ்டேட். அம்புக்குறி எண்ணிக்கை மோசமான நேரத்துல அதோட வர்க்கம் அளவுக்குப் போகும். 2009-ல சிரில் நிகோ எண்ணிக் காட்டினது, எல்லா எக்ஸ்பிரஷனும் சம வாய்ப்புன்னா அம்புக்குறி சராசரியில எக்ஸ்பிரஷன் நீளத்தோட நேர் விகிதத்துலதான் வளருதுன்னு. அந்திமிரோவ் 1996-ல கொடுத்த பார்ஷியல் டெரிவேட்டிவ் மெஷின் க்ளுஷ்கோவை விட ஒருபோதும் பெருசாகாது. எவ்வளவு சிறுசு? போர்ச்சுகல்ல போர்ட்டோ பல்கலைக்கழகத்துல ப்ரோடா, மஷியாவெலோ, மொரெய்ரா, ரெய்ஷ் நாலு பேரும் 2011-ல ஃப்ளஜோலே வழியிலயே எண்ணினாங்க, எழுத்துக் கூட்டம் பெருசாகப் பெருசாக ஸ்டேட் சராசரியில பாதியை நோக்கிப் போகுதுன்னு வந்துச்சு, அடுத்த வருஷமே அம்புக்குறிக்கும் அப்படித்தான்னு காட்டினாங்க. இந்த அளவுகோல்ல பார்ஷியல் டெரிவேட்டிவ்தான் ஜெயிக்குது.

மொழி மாறாம ஸ்டேட்டை மட்டும் குறைச்சு மெஷினைச் சுருக்குற முறைகளும் உங்க ப்ராஜெக்ட்ல வரும்னு நினைக்கிறேன். மூர் 1956-ல கொடுத்தது, n ஸ்டேட் மெஷினுக்கு வொர்ஸ்ட் கேஸ்ல n வர்க்கம், ஆனா 2010-ல ஜூலியன் டேவிட் காட்டினார், சம வாய்ப்புள்ள மெஷின்கள் மேல சராசரி எடுத்தா n பெருக்கல் லாக் லாக் n, அது ஹாப்க்ராஃப்ட்டோட 1971 முறைக்கு இருக்கிற வொர்ஸ்ட் கேஸ் உத்தரவாதத்தை விடவே குறைவான செலவு. சராசரி எப்பவும் ஆறுதல் தரும்னு நினைச்சுக்காதீங்க, ப்ரஸோவ்ஸ்கியோட 1962 முறையை, மெஷினைத் திருப்பி நேராக்கி மறுபடி திருப்பி நேராக்குறது, 2013-ல டி ஃபெலிசேயும் நிகோவும் பார்த்தாங்க, எதோ ஓரிரு கெட்ட மெஷின்ல மட்டும் இல்ல, கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலே பெரும்பாலும் எந்தப் பல்லுறுப்புக் கோவைக்குள்ளயும் அடங்காத செலவுதான்னு வந்துச்சு.

இப்போ நம்பலாமான்னு கேட்டீங்களே. 2019-ல கெஷ்லாங், நிகோ, ரொத்தோந்தோ மூணு பேரும் ஒரு முடிவு வெளியிட்டாங்க, எனக்கு அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எக்ஸ்பிரஷனுக்குள்ள "அ, ஆ எது வேணும்னாலும் எத்தனை தடவை வேணும்னாலும்"னு ஒரு துண்டு, அதுகூட "அல்லது" போட்டு பக்கத்துல எவ்வளவு பெரிய சமாச்சாரம் இருந்தாலும் அது பயனில்லாம போயிடுது, ஏன்னா எல்லாச் சொல்லும் ஏற்கனவே உள்ள வந்தாச்சு. சம வாய்ப்புல எடுக்கிற எக்ஸ்பிரஷன்ல இந்த மாதிரி விழுங்குற துண்டு நிறைய இடத்துல வந்துடுது, ஒவ்வொண்ணா சுருக்கிக்கிட்டே போனா கடைசியில மிஞ்சுறது சராசரியா ஒரு நிலையான அளவுதான், நீளம் லட்சம் ஆனாலும் அந்த அளவு வளராது. அதாவது நாம சராசரி எடுத்துக்கிட்டிருந்த கூட்டத்துல பெரும்பாலானது, பெரிய எழுத்துல எழுதின குட்டி எக்ஸ்பிரஷன். அந்த மூணு பேர்ல ஒருத்தர் நிகோ, 2009 முடிவைக் கொடுத்த அதே ஆள், தன் துறையோட அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்த்தார், அந்த நேர்மைக்கு எனக்குப் பெரிய மரியாதை.

பழைய முடிவுகள் எதுவும் தப்பாயிடல, அந்தக் கூட்டத்துக்கு அது இன்னமும் தேற்றம்தான். ஆனா மனுஷங்க எழுதுற எக்ஸ்பிரஷன் அந்தக் கூட்டத்துல இருந்து வர்றதில்ல. அதனால உங்க ப்ராஜெக்ட்ல ரெண்டு பத்தி வேணும், ஒண்ணுல சம வாய்ப்புக் கூட்டத்து மேல முடிவு, இன்னொண்ணுல நிஜ ப்ரோகிராம்ல இருந்து எடுத்த எக்ஸ்பிரஷன்கள் மேல நீங்களே ஓட்டி அளந்தது. ரெண்டும் விலகினா பயப்படாதீங்க, எங்க விலகுதுன்னு எழுதுங்க, என்னைக் கேட்டா அந்தப் பக்கம்தான் முதல்ல படிக்கணும்.

என் பொண்ணுக்கு எச்எஸ்சி (பள்ளிக் கடைசித் தேர்வு) முடிய இன்னும் ஒரு வருஷம். கணக்குன்னா உயிர், தமிழும் எடுத்திருக்கா. நீங்க எழுதுற இந்த விஷயத்தை எங்க இருந்து தொடங்கலாம்?
ஒரு அம்மா, போ பாசென்

கம்ப்யூட்டர் கூட இப்போதைக்கு வேணாம் அம்மா, ஒரு பென்சிலும் நோட்டும் போதும். தமிழும் எடுத்திருக்கான்னா பாதி வேலை முடிஞ்சுது, நாலு வட்டம் போட்டு வெண்பா மெஷினை அவளையே வரையச் சொல்லுங்க, மேல நான் எண்ணின 16,384-ஐப் பார்க்காம அவளே எண்ணட்டும். அது வந்துட்டா அடுத்து இதைக் கொடுங்க: முதல் ஆறு சீர்ல ஒரு காய்ச்சீர் கூட வராத குறள் வாய்பாடு எத்தனை? விடையை எனக்கு எழுதி அனுப்பட்டும், அடிச்சது திருத்தினது எல்லாம் இருக்கிற அதே பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினா போதும், அழகா நகல் எடுக்க வேணாம்.